இங்கிலாந்து தேவாலயங்களில் மணி அடிக்கப் பயிற்சி வகுப்பு எதற்கு? கயிற்றை இழுத்தால் போதாதா?

போதாது. அங்கே மணி வெறுமனே ஆடுவதில்லை. வாய் மேல்நோக்கி நிற்கும் மணி ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபடி தலைகீழாக நிற்கிறது. அந்த உச்சியில் சற்றே தாமதிக்கவோ முந்தவோ முடிவதால்தான் மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிக்க முடிகிறது. 6 மணிகளுக்கு 720 வரிசைகள்!

ஊஞ்சல் ஆட்டுவதைப் போலத்தான்: சரியான கணத்தில் லேசாகத் தள்ளினால் போதும், கணம் தப்பினால் பலம் வீண்.

தொடக்கத்தில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர்; பெரும்பாலும் நாக்கைக் கட்டிய மணி (ஊரார் காது பாவம்). கயிற்றில் கம்பளி சுற்றிய பகுதியை இழுப்பது ஓர் அடி, நுனியை இழுப்பது மறு அடி. தனித்தனியாகப் பழகிய பிறகே இரண்டையும் சேர்ப்பார்கள். கம்பளியை விடத் தாமதித்தால் கயிறு ஆளையே தூக்கிவிடும். மிகையாக இழுத்தால் மணியைத் தலைகீழாக நிறுத்தும் மரக்கட்டை முறியும். உடனே கயிற்றை விட்டுவிட வேண்டும். கை பழகியபின் மற்றவர்களோடு சீரான இடைவெளியில் அடிப்பது, அப்புறம் வரிசை மாற்றம்.

இதற்கு முரட்டு பலமும் இசைஞானமும் வேண்டும் என்பது தவறான எண்ணம்; பள்ளிப் பிள்ளைகளும் கற்கிறார்கள், எண்ணத் தெரிந்தால் போதும்.