பதில் சொல்ல முடிந்த சீண்டல்

வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைச் சில ஆண்டுகளாக விடாமல் பார்த்துவருகிறேன். 2023 பெண்கள் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் ரீஸ், தோற்றுக்கொண்டிருந்த அயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க்கைப் பின்தொடர்ந்து சென்று, "உன்னால் என்னைப் பார்க்கவே முடியாது" என்ற பொருளில் தன் முகத்துக்கு முன்னே கையை அசைத்துக்காட்டி, வெற்றியாளருக்குக் கிடைக்கும் மோதிரத்தை நினைவூட்ட மோதிர விரலையும் சுட்டிக்காட்டியது எனக்கு அருவருப்பாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை மார்பில் தாங்கி ஆடும் மாணவர்கள் இப்படி நடந்துகொள்ளலாமா? கல்லூரி விளையாட்டில் சீண்டலையே முழுமையாகத் தடைசெய்துவிட்டால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மல்யுத்த வீரர் ஜான் சீனாவால் பிரபலமான அந்தக் கையசைப்பை அந்தத் தொடரில் முதலில் செய்தவர் ரீஸ் அல்லர். அதற்கு ஒரு வாரம் முன்பு, லூயிவில் அணிக்கு எதிராகத் தனியொருவராக 41 புள்ளிகள் குவித்த ஆட்டத்தில், கிளார்க்கே அதைச் செய்தார். அன்று அதைத் தன்னம்பிக்கை என்று மெச்சியவர்களில் பலர், வெள்ளையரான கிளார்க்கை நோக்கிக் கறுப்பினத்தவரான ரீஸ் அதையே செய்ததும் பண்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ரீஸைக் குறைகூறக் கூடாது என்று கிளார்க்கே வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. நீங்கள் அந்தக் கணக்கில் எழுதவில்லை என்றே நம்புகிறேன். ஆனாலும் ரீஸை எடைபோடும் தராசில் கிளார்க்கையும் நிறுத்தித்தான் இதைப் பேச வேண்டும்.

அதே தொடரின் அரையிறுதியில் நடந்த இன்னொன்றை நீங்கள் குறிப்பிடவில்லை. அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காத தென் கரோலினா அணியின் ரேவன் ஜான்சன், தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறக்கூடிய கோட்டுக்கு வெளியே பந்துடன் நின்றபோது, அவரைத் தடுக்க வேண்டிய கிளார்க், "உன்னை யார் காவல் காப்பது" என்பதுபோல் கையை உதறிவிட்டுத் தள்ளியே நின்றார். ஒரு சொல் பேசவில்லை. ஜான்சனின் தொலைதூர எறிதல் பலவீனமானது என்ற மதிப்பீடும் ஏளனமும் அந்த ஓர் உதறலில் சேர்ந்தே இருந்தன. அயோவா 77-73 என்று வென்றது. அந்தக் காட்சி இணையம் முழுக்கச் சுற்றியது. கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அது தன்னைப் பாதித்ததாக ஜான்சன் பின்னர் கூறினார். ஆனால் அவர் விடவில்லை. தன் எறிதலைச் சீராக்கிக்கொண்டு திரும்பி வந்தார். 2024 இறுதிப் போட்டியில் அதே கிளார்க்கைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்றார். தென் கரோலினா 87-75 என்று வென்று, அந்தப் பருவம் முழுவதையும் தோல்வியின்றி முடித்தது.

என் அளவுகோல் இந்த நிகழ்விலிருந்துதான் வருகிறது. சீண்டப்பட்டவருக்குக் களத்திலேயே பதில் சொல்ல வழியிருந்தால், அந்தச் சீண்டல் எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும் ஆட்டத்தின் பகுதிதான் என்று நான் கருதுகிறேன். இப்படிப் பார்த்தால் கிளார்க்கின் உதறல் ஆட்டத்துக்குள் அடங்கும். ரீஸின் சைகையோ, 102-85 என்று முடிவு ஏறக்குறைய உறுதியாகிவிட்ட பிறகு வந்ததால், சற்றுக் கீழேதான் நிற்கிறது. அருவருப்பு என்ற அளவுக்கு நான் போக மாட்டேன்.

தடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் கடுமையான விதி ஏற்கெனவே இருக்கிறது. எதிராளியைச் சீண்டினால் அந்த அணிக்கு 15 யார்டு தொலைவு இழப்பு தண்டனை. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை பண்பற்ற நடத்தைக்காகத் தண்டிக்கப்பட்டால் வெளியேற்றம். 2011 முதல், பந்துடன் ஓடுபவர் எதிரணியின் எல்லைக் கோட்டை எட்டுவதற்கு முன்பே எதிராளியைக் கேலி செய்தால், அந்தக் கோட்டைக் கடந்து பெறும் டச்டவுன் புள்ளிகளே செல்லாது. இவ்வளவு இருந்தும் 2024 நவம்பரில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்தில் 13-10 என்று வென்ற மிச்சிகன் வீரர்கள், ஆட்டம் முடிந்ததும் களத்தின் நடுவே தங்கள் கொடியை நட முனைந்தார்கள். கைகலப்பு மூண்டு, காவலர்கள் கண்ணெரிச்சல் தரும் மிளகுத் திரவத்தைப் பீய்ச்ச வேண்டியதாயிற்று. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பகையை விற்றே அரங்கை நிரப்பும் நிறுவனங்களுக்கு அது பெரிய தொகையன்று.

மாணவர்கள் என்ற உங்கள் வாதம் எனக்குத் தயக்கம் தருவது இதனால்தான். ரீஸும் கிளார்க்கும் 2024இல் மீண்டும் மோதிய ஆட்டத்தைச் சராசரியாக ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். முந்தைய ஆண்டின் கையசைப்பைத் திரும்பத் திரும்பக் காட்டித்தான் அந்த ஆட்டத்துக்கு எதிர்பார்ப்பை ஏற்றினார்கள். வருமானம் வரும்போது அவர்களை நட்சத்திரங்களாக்கி, வசவு வரும்போது மட்டும் மாணவர்களாக்குவது நியாயமாகப் படவில்லை.

முழுத் தடைதான் வேண்டுமென்றால், அது பார்வையாளர் பகுதியிலிருந்து தொடங்கட்டும். 2022 செப்டம்பரில், மார்மன் என்ற சமயப் பிரிவின் திருச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆரிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடச் சென்றபோது, மாணவர்கள் அமரும் பகுதியிலிருந்து மார்மன்களை வசைபாடும் முழக்கம் எழுந்தது. ஆரிகன் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் களத்தில் நிற்கும் வீரர் அந்தக் கூட்டத்துக்கு எப்படிப் பதில் சொல்வார்? விதிமீறலைக் காட்ட நடுவர் வீசும் கொடியும் அந்த இருக்கைகள்வரை செல்வதில்லை. அங்கே அமர்ந்திருப்பவர்களும் பல்கலைக்கழகத்தின் பெயரை மார்பில் அணிந்த மாணவர்கள்தான்.

அன்புடன்.