டீச்சரிடம் கேளுங்கள்: கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத் தேர்வுகளைப் பற்றியவை. அதிலும் கேட்டல், வாசித்தல் இரண்டும்தான் பலரைத் தூங்கவிடாமல் செய்கின்றன. எல்லாருக்கும் பதில் எழுத இடமில்லை. நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன். அவருடைய குறை ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது.

கேள்வி: டீச்சர், நான் புதுக்கோட்டைக்காரன். டிப்ளோமா முடித்து ஒன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். இப்போது கட்டுமானத் தளத்தில் சேஃப்டி கோஆர்டினேட்டர். கனடாவுக்கு முயற்சி செய்ய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஜெனரல் டிரெய்னிங் பிரிவு எழுத வேண்டும். டார்மில் (தொழிலாளர் விடுதியில்) கட்டிலில் உட்கார்ந்தே 11 மாதிரித் தேர்வு எழுதிவிட்டேன். ரீடிங்கில் 40-க்கு 30, 31 வருகிறது. லிசனிங்கில் 15-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பேசியதை அப்புறம் எழுத்தில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள். என் காதில் கோளாறா? (கிராஞ்சி வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது. இரண்டு தாளிலும் 40 கேள்விகள்தான், ஆனால் அந்த 40-க்கு 30 இரண்டிலும் ஒரே மதிப்புப் பெறாது. லிசனிங்கில் 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7-ஆம் பேண்ட், அதாவது தேர்வு தரும் தரநிலை 7. ஜெனரல் டிரெய்னிங் ரீடிங்கில் அதே 30-க்கு 6-தான் வரும். லிசனிங்கில் 6 வாங்க 23 போதும். ஆக, உங்கள் கேட்டல் உங்கள் வாசிப்பை எட்டிப்பிடிக்க இன்னும் 8 விடைகள்தான் வேண்டும். நீங்கள் பயந்துகொண்டிருந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கு.

அந்த 8 எங்கே போகிறது என்று சொல்கிறேன். நான் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள். 1977-இல் ஒரு சரக்கு அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்தது. ஆங்கில நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன். சேர்ந்த மூன்றாம் வாரம் போனில் ஒருவர் ‘ஃபிஃப்டி’ பெட்டிகள் என்றார். நான் ‘ஃபிஃப்டீன்’ என்று எழுதினேன். 35 பெட்டிகள் கிடங்கிலேயே நின்றுவிட்டன. மேலாளர் எல்லார் முன்னாலும் ‘உனக்கு ஆங்கிலமே தெரியாது’ என்றார். பல வருஷம் அதை நம்பினேன். அவர் சொன்னது தவறு. அந்த இரண்டு சொற்களையும் ஆயிரம் முறை கண்ணால் பார்த்திருந்தேன். ஒருவர் வாயிலிருந்து வேகமாக விழுந்து கேட்டதில்லை. ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசியில் விழும், ‘டீன்’ நீளும். ஃபிஃப்டியில் அழுத்தம் முன்னால் விழும், ‘டி’ சட்டென்று அடங்கிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

உங்களுக்கு நடப்பதும் அதேதான். நமக்குப் புணர்ச்சி புதிதில்லை. பாலும் குடமும் சேர்ந்தால் பாற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். தமிழில் ஒலி மாறினால் எழுத்தையும் மாற்றிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு, ஆனால் வாய் மட்டும் அதைச் செய்யும், எழுத்து காட்டிக்கொடுக்காது. ‘பிக் இட் அப்’ என்று எழுதியிருக்கும். காதில் ‘பிக்கிடப்’ என்று ஒரே சொல்லாக வரும். ‘நெக்ஸ்ட் டே’ என்பது ‘நெக்ஸ்டே’ ஆகும், ‘ஷுட் ஹாவ்’ என்பது ‘ஷுடவ்’ ஆகும். அழுத்தம் விழாத சின்னச் சொற்களைப் பாதி விழுங்கிவிடுவார்கள். நீங்கள் முழுச் சொல்லுக்காகக் காத்திருக்கிறீர்கள். அது வருவதே இல்லை.

அதனால் 12-ஆவது மாதிரித் தேர்வை இப்போது எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதிய 11-இல் ஒன்றை எடுங்கள். ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டு, கேட்டதைத் தாளில் எழுதுங்கள். இன்னொரு முறை ஓடவிட்டு விட்டுப்போனதை நிரப்புங்கள். அப்புறம்தான் எழுத்துவடிவத்தைத் திறக்க வேண்டும். தவறிய ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல் வேறு ஒலியில் வந்ததா, கேட்டும் எழுதுவதற்குள் மறந்ததா, முந்தின கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தபோது கடந்து போய்விட்டதா? இரண்டு வாரத்தில் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டே சொல்லிவிடும். மதிப்பெண் அதைச் சொல்லாது. தெரிந்த சொல் வேறு ஒலியில் வந்த இடங்களை, பேசுகிறவர் கூடவே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வாய் ஒருமுறை செய்ததைக் காது அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்ளும்.

அந்த நான்காவது காரணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். ஏறக்குறைய 30 நிமிஷம், நான்கு பகுதிகள். ஒரு விடை போய்விட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிட வேண்டும். அதைத் தேடி நின்றால் மூன்று போகும். காகிதத்தில் எழுதுபவர்களுக்கு விடைகளை மாற்றி எழுதக் கடைசியில் 10 நிமிஷம் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிஷம்தான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எனவே ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள்.

முதல் பகுதியில் பெயர், முகவரி, போன் எண் எழுதச் சொல்வார்கள். ‘டபுள் செவன்’ என்றால் 77. ஒருவர் செவ்வாய் என்று சொல்லிவிட்டு, உடனே ‘இல்லை, புதன்’ என்று மாற்றுவார், புதன்தான் விடை. ஒரு சொல் மட்டும் எழுதச் சொல்லியிருக்கும்போது இரண்டு எழுதினால் விடை தவறு. எழுத்துப் பிழையும் தவறு. பன்மையின் கடைசி ‘ஸ்’ விட்டுப்போனாலும் தவறு, நம் ஆட்கள் அதிகம் இழப்பது அதில்தான்.

டார்மில் சத்தம் என்றால், ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் மத்திய பொது நூலகத்துக்குப் போங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. ஹெட்ஃபோன் மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: அக்கா, நான் திருச்சியிலிருந்து வந்து இங்கே தாதியாக வேலை செய்கிறேன். பிரிட்டனுக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ரீடிங்கில் இரண்டு முறை 6.5. மருத்துவம் பற்றிய பத்தி வந்தால்கூட ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ கேள்விகளில் தவறிவிடுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் எப்படித் தவறு வருகிறது? (நொவீனா வாசகி)

பதில்: தெரிந்த விஷயம் என்பதால்தான் தவறு வருகிறது, தங்கச்சி. பத்தியில் இல்லாததை உங்கள் அனுபவம் நிரப்பிவிடுகிறது. பத்தியில் ‘மருந்தகம் காலை 8 மணிக்குத் திறக்கும்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘9 மணிக்குத் திறக்கும்’ என்ற வாக்கியம் பத்தியோடு மோதுகிறது, அது ஃபால்ஸ். ‘ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்’ என்ற வாக்கியம்? உங்கள் வார்டுக்குப் பக்கத்து மருந்தகம் மூடியிருக்கலாம், ஆனால் பத்தி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது நாட் கிவன். ஃபால்ஸ் என்று எழுதும் ஒவ்வொரு தடவையும், எந்த வரி இதை மறுக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அது ஃபால்ஸ் இல்லை.

மூன்று பத்திகளுக்கு மொத்தம் 60 நிமிஷம். லிசனிங்போல விடைகளை மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. கடைசிப் பத்திதான் கடினமானது, அதற்கு 20 நிமிஷமாவது மிச்சம் வேண்டும்.

பிரிட்டன் தாதியர் மன்றம் ஐஇஎல்டிஎஸ்ஸில் வாசித்தல், கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வையும் அது ஏற்கிறது. அதன் ரீடிங்கில் 42 கேள்விகள். முதல் பகுதியில் 15 நிமிஷத்தில் நான்கு சின்ன மருத்துவக் குறிப்புகளிலிருந்து 20 விடைகளைத் தேடி எடுக்க வேண்டும். நோயாளியின் கோப்பைப் புரட்டி உடனே தகவல் எடுக்கும் பழக்கம் உங்களுக்குத் தினமும் உண்டே. மூன்றாவது தடவை ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஓஇடியின் மாதிரித் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

கேள்வி: நாள் முழுக்கக் காப்பிக்கடையிலும் அலுவலகத்திலும் சிங்லிஷ் (சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம்) கேட்கிறேன். தேர்வுக்கான காது கெட்டுப்போகுமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: கெடாது. சிங்கப்பூர்ப் பேச்சில் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுக்கிறார்கள், தமிழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதனால் நமக்குச் சுலபமாகப் புரிகிறது. ஐஇஎல்டிஎஸ்ஸில் வருவது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்கக் குரல்கள். ஆஸ்திரேலியர் ‘டே’ என்பது நமக்கு ‘டை’ மாதிரிக் கேட்கும். நியூசிலாந்துக்காரரின் ‘பென்’ ஏறக்குறைய ‘பின்’. முக்கியமாக, ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். பிரிட்டிஷ்காரர் ‘கேன்’ என்பதை ‘கன்’ என்று விழுங்கிவிட்டு, ‘கான்ட்’ என்பதை நீட்டுவார். கடைசி ‘ட்’ காதில் விழாமல்கூடப் போகலாம். அந்த நீளம்தான் அடையாளம். சிஎன்ஏ 938 வானொலியில் பேட்டிகள் வரும்போது கேளுங்கள், பல ஊர்க் குரல்கள் அதில் வரும்.

கேள்வி: வணக்கம் டீச்சர். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு 52 வயது. தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி வந்து 28 வருஷம். உணவங்காடி நிலையத்தில் துப்புரவு வேலை. ஆங்கிலம் பேசினால் எல்லாம் புரியும், பதிலும் சொல்வார். ஆனால் வாசிக்கத் தெரியாது. மேற்பார்வையாளர் எழுத்தறிவு வகுப்பில் சேரச் சொல்கிறார். சேருமுன் வாசிப்புக்கும் கேட்டலுக்கும் ஒரு தேர்வு உண்டாம். ‘ஃபெயிலாகி எல்லார் முன்னாலும் அசிங்கப்பட வேண்டாம்’ என்று அம்மா மறுக்கிறார். (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா, மகள் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் எழுதச் சொன்ன கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். முதல் கடிதத்துத் தம்பி வருஷக்கணக்காக ஏங்கும் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 28 வருஷம் சம்பாதித்த காது அது.

அந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் இல்லை. உங்களை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று பார்ப்பதற்காக வைப்பது. அதனால் மேலே அந்தத் தம்பிக்குச் சொன்னதற்கு நேர்மாறாக உங்களுக்குச் சொல்கிறேன்: தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். ஊகம் நாலைந்து இடத்தில் சரியாகப் போய்விட்டால் மேல் வகுப்பில் போட்டுவிடுவார்கள். அங்கே பாடம் புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். தெரிந்ததை எழுதுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் புத்தகம் எதுவும் வேண்டாம். உங்களுக்கு ஒலியாகத் தெரிந்த சொற்களைக் கண்ணால் பிடிப்பதுதான் வேலை. வேலை இடத்துச் சோப்புத் திரவப் புட்டியில் என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே சொல்லைச் சொல்லுங்கள். வேலைப் பட்டியலில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு சொற்கள் இருக்கும், தினமும் ஒன்று. தமிழ் வாசிக்க வருமென்றால், நான்கு மொழியிலும் எழுதிய அறிவிப்பு எங்கே கண்ணில் பட்டாலும் நின்று, தமிழை முதலில் வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் எழுத்தை மட்டும் கவனித்தால் போதும். என்னிடம் படித்த ஓர் அம்மா லிஃப்ட் வாசல் அறிவிப்புகளில்தான் தொடங்கினார். லிஃப்ட் வருவதற்குள் ஒரு வரி. ஏழெட்டு மாதத்தில் பலதுறை மருந்தகத்துக் கடிதத்தைத் தானே பிரித்து, எந்தத் தேதியில் வரச் சொல்கிறார்கள் என்று எனக்கு வாசித்துக் காட்டினார்.

மகளே, தேர்வு நாளில் அம்மாவோடு பஸ்ஸில் போ. ஆனால் உள்ளே போகாதே, படிவத்தையும் நீ நிரப்பாதே. பெயரை ஆங்கிலத்தில் எழுத இந்த வாரமே சொல்லிக்கொடுத்துவிடு. அந்த முதல் கட்டத்தை அம்மா தன் கையால் எழுதட்டும்.