எந்த ஒழுங்கை ஐயா?

ஐப்பசி மழை தொடங்கியதும் கடிதங்களும் கொட்டுகின்றன. கொழும்பு மாநகர சபையில் உறுப்பினராக இருந்தபோது கேட்ட அதே கேள்விகள்தான், இப்போதும் என்னை விடுவதாக இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை. ஏன் ஒருவரும் கவனிப்பதில்லை?
எந்த ஒழுங்கை ஐயா? வெள்ளவத்தை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 33 ஆம் ஒழுங்கையா, 42 ஆ, 57 ஆ? ஏணியோடு வருகிறவர் எந்தக் கம்பத்தில் ஏறுவார்? ஒழுங்கை, கம்பத்துக்கு நேரே உள்ள வீட்டு இலக்கம், கம்பத்தில் எண் இருந்தால் அதுவும் வேண்டும். எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

சோலைவரியில் கழிவு கிடைக்குமா?
ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம். காலாண்டுக்குக் கட்டுகிறவர் அதன் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். வீட்டுக்காரர் கனடாவில் இருக்க, அவருக்காக நீங்கள் கட்டுவதென்றால் பற்றுச்சீட்டின் படத்தை அவருக்கு அனுப்புங்கள், மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

மழை பெய்தால் எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் மேன்ஹோல் பொங்கி நாறுகிறது. சபை தூங்குகிறதா?
சபையைத் திட்டுவதற்கு முதல், உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? கொழும்பில் மழைநீர் வடிகான் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மலசலகூடத் தண்ணீரும் குசினித் தண்ணீரும் பம்ப் நிலையங்கள் வழியாகப் போய், முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள நீண்ட குழாய்களில் கடலுக்குள் விழுகின்றன. இதில் பழைய குழாய்கள் 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் போட்டவை. அப்போது ஒரு காணிக்கு ஒரு வீடு, ஒரு முற்றம், நாலு தென்னை. இன்று அதே காணியில் இருபது குடும்பம். அதுவே குழாய்க்குச் சுமை, அதற்கு மேல் நம்மவர்கள் கூரைப் பீலியையும் மொட்டைமாடிக் குழாயையும் கொண்டுபோய் கழிவுநீர் மேன்ஹோலுக்குள் விடுகிறார்கள், ஏனென்றால் அது கிட்ட, வடிகானுக்கு விடுவதென்றால் முற்றத்துக் கொங்கிரீட்டை உடைக்க வேண்டும்.

ஒருமுறை இப்படியொரு தொடர்மாடியில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று என்னைப் பிடித்துக் கத்தினார்கள். நல்ல வெயில். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து மொட்டைமாடியில் போய் ஊற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மேன்ஹோலுக்குள் நீலம். கத்தல் நின்றது, ஆனால் குழாயை மாற்ற ஒரு வருடம் எடுத்தார்கள்! இதில் ஐந்தாம் மாடிக்காரருக்கு ஒன்றும் நடக்காது, கீழ்வீட்டு அக்காவின் மலசலகூடத்துக்குள்தான் எல்லாம் திரும்பி வரும்.

நீங்களும் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். மேன்ஹோலில் நீலம் வந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், வராவிட்டால் சபையின் வடிகான் பகுதிக்கு முறைப்பாடு செய்யுங்கள். எழுத்தில், பிரதியோடு. கால்வாய் அடைத்திருந்தால் அது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் வேலை, அதையும் உறுப்பினர் தலையில் கட்டாதீர்கள்.

பக்கத்துப் பூட்டிய வீட்டில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது.
பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பதற்கு எதிராக 2007 இலேயே சட்டம் வந்துவிட்டது. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை உங்கள் பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, திரும்பவும் அந்தப் பீலி, எல்லாவற்றையும் பாருங்கள்.

அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது. தமிழில் கேட்கலாமா?
தாராளமாக. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதவும் பதில் பெறவும் உங்களுக்குள்ள உரிமை அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையில் இருக்கிறது. வாயால் கேட்டுவிட்டு வந்தால் மறந்துவிடுவார்கள், எழுத்தில் கேளுங்கள்.

வதிவிடச் சான்றிதழுக்கு உறுப்பினரின் கையெழுத்து போதுமா?
போதாது. கிராம சேவகரிடம் போங்கள் தம்பி.

வீதியில் குடிநீர்க் குழாய் வெடித்து ஓடுகிறது, யாருக்குச் சொல்வது?
நீர் வழங்கல் சபைக்கு, தொலைபேசி இலக்கம் 1939. எந்த ஒழுங்கை என்று அவர்களும் கேட்பார்கள்.