கிளாஸ்ல பசங்களோட சொந்தக் கற்பனைய டீச்சர் எப்படி வளர்க்கலாம்?

நான் மும்பைல தாராவி பக்கம் அஞ்சாங்கிளாஸுக்குத் தமிழும் சயின்ஸும் எடுக்கிறேன். என்னக் கேட்டா முதல்ல மாத்த வேண்டியது நாம கேக்குற கேள்வியத்தான்.

"மழைக்காலம்"னு தலைப்பு குடுத்துப் பாருங்க, எல்லா நோட்லயும் மயில் தோகை விரிக்கும், உழவர்கள் மகிழ்வாங்க. அத எழுதுற பிள்ள இருக்கிறது தொண்ணூறு அடி ரோட்ட ஒட்டி ஒரு சந்துக்குள்ள, ஜூலைல மழை பிடிச்சா சாக்கடைத் தண்ணி வாசப்படி தாண்டி உள்ள வரும், தண்டவாளத்துல தண்ணி ஏறி லோக்கல் நின்னா அப்பா குர்லால இருந்து நடந்தே வருவாரு, ஆனா அதுல ஒரு வரி கூட கட்டுரைல வராது. அதெல்லாம் நோட்ல எழுதுற விஷயம் இல்லன்னு பிள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

அதனால நான் இப்படிக் கேப்பேன்: "வீட்டுக்குள்ள தண்ணி வந்தா முதல்ல எதத் தூக்கி மேல வைப்பீங்க? யாரு சொல்லுவாங்க?" ஒருத்தன் ரேஷன் கார்டு இருக்கிற பைன்னு எழுதினான். ஒரு பொண்ணு அக்காவோட தையல் மிஷின்னு எழுதிட்டு, அதத் தூக்க பக்கத்து வீட்டு அண்ணன் வரணும், அவங்க வீட்டோட எங்கம்மாவுக்குப் பேச்சு கிடையாது, மழை வந்தா மட்டும் பேசிக்குவாங்கன்னு எழுதினா. இந்த வரி எந்த நோட்ஸ்ல கிடைக்கும் சொல்லுங்க!

அப்புறம் இந்த பரிசு, ஸ்டிக்கர் விஷயம். 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் அமெரிக்கால ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. படம் வரையப் பிடிச்ச நர்சரிப் பிள்ளைங்கள்ல ஒரு குரூப்கிட்ட வரைஞ்சா சர்டிபிகேட் உண்டுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, இன்னொரு குரூப்புக்கு சொல்லாமக் குடுத்தாங்க, மூணாவதுக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா, முன்னாடியே சொன்ன குரூப் மட்டும் சும்மா இருக்கிற நேரத்துல வரையறது மத்தவங்கள விட பாதி அளவுக்குக் குறைஞ்சிருந்துச்சு. அதனால நான் பரிசுன்னு அறிவிக்கிறதில்ல. பிள்ளகிட்ட கேட்டுட்டு அது எழுதினத சத்தமா வாசிப்பேன், "அப்புறம் என்னாச்சு?"ன்னு ஒரு கேள்வி கேப்பேன், அவ்வளவுதான். ரகர றகரப் பிழையெல்லாம் மறுநாள்தான் திருத்துவேன், அதையும் விடக் கூடாது.

இன்னொண்ணு, "என்ன வேணா செய்யுங்க"ன்னு விட்டா பாதிப் பேர் முழிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. பொருளக் குறைச்சுக் குடுங்க. 1972ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம்னு, பிள்ளைங்க தானே செஞ்சு பாத்து சயின்ஸ் படிக்கிற ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, எளிய பொருள்ல பொம்மை செஞ்சு சயின்ஸ் சொல்லிக் குடுக்கிற அர்விந்த் குப்தா அங்க போய்த்தான் தீக்குச்சிகள சைக்கிள் வால்வ் டியூப் துண்டால இணைச்சு உருவங்கள் செய்ற முறையக் கொண்டு வந்தாரு. செலவே இல்ல, குச்சில மருந்த மட்டும் முதல்லயே நீங்க சுரண்டிடுங்க. முக்கோணம் அசையாம நிக்கும், சதுரம் லேசா அமுக்கினாலே சாஞ்சிடும். இப்ப இன்னும் ஒரே ஒரு குச்சி குடுத்து சதுரத்த ஆடாம நிறுத்தச் சொல்லுங்க. மூலைக்கு மூலை குச்சி எட்டாது. சிலர் சதுரத்தையே சாய்ச்சு உள்ள மாட்டுவாங்க, ஆடாம நிக்கும், ஆனா அது இன்னும் சதுரமான்னு அவங்களுக்குள்ளயே ஒரு பெரிய சண்டை நடக்கும், நீங்க நடுவுல போகாதீங்க.

சிலபஸ் முடிக்கணுமேன்னு கேப்பீங்க. வாரத்துல ஒரு பீரியட் போதும், ஆனா அத வேற சப்ஜெக்ட்டுக்கு விட்டுக் குடுக்காதீங்க. புத்தகத்துல "என் பள்ளி"ன்னு தலைப்பு இருந்தா, "ஸ்கூல் கேட்ல இருந்து வீட்டுக்குப் போற வழியில எங்கெல்லாம் நிப்ப, ஏன் நிப்ப?"ன்னு மாத்திக் கேட்டுப் பாருங்க.