கந்தப்பளையில் கிம்ச்சி ஏன் புளிக்கவில்லை?

கேள்வி: கந்தப்பளையில் இருந்து எழுதுகிறேன். மகன் கொரியாவில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். அந்த ஊர்க் கோவா ஊறுகாயான கிம்ச்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். யூடியூப் பார்த்து இரண்டு தடவை செய்தேன். ஒரு நாள் வெளியே வைத்து அப்புறம் பிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள், அப்படியே வைத்தேன். பச்சைப் பூண்டு வாசம்தான் வருகிறது, புளிப்பே இல்லை. நான் குவைத்தில் இருந்தபோது பழகிய ஹும்முஸ் என்ற கடலைத் துவையலும் இங்கே அரைத்தால் திப்பி திப்பியாக நிற்கிறது. அங்கே எத்தியோப்பியப் பிள்ளைகளோடு சாப்பிட்ட இஞ்செரா என்ற புளித்த மாவுத் தோசையையும் செய்து பார்க்க ஆசை. ஆனால் வீட்டுத் தோசை மாவே ஒழுங்காகப் பொங்காத இடத்தில் இதெல்லாம் சரிவருமா? என் கைப்பக்குவம்தான் பிழையா?

பதில்: உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை, சகோதரி. நீங்கள் பார்த்த வீடியோவில் அளவு இருந்தது, நேரம் இருந்தது. அந்தச் சமையலறையில் எவ்வளவு சூடு என்பது மட்டும் இல்லை. வேறு ஊர்ச் சமையலைப் பழக நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சாமான் பட்டியலைப் பார்க்கும் முன்னால் அந்தச் சாப்பாடு பிறந்த ஊரின் காலநிலையைப் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தை மாத இரவுகளில் அது 10 பாகைக்கும் கீழே இறங்கும், சில நாள் புல்லின் மேல் உறைபனியும் விழும். நீங்கள் இருப்பதும் அதே உயரம்தான். ‘ஒரு நாள் வெளியே வையுங்கள்’ என்று சொன்னவரின் வீட்டில் 22, 25 பாகை இருந்திருக்கும். அங்கே ஒரு நாளில் நடக்கிற வேலைக்கு உங்கள் குசினியில் நாலைந்து நாள் வேண்டும். அது நடப்பதற்கு முன்னமே நீங்கள் பிரிட்ஜில் வைத்துவிட்டீர்கள். கிம்ச்சி கெடவில்லை, தொடங்கவே இல்லை.

தோசை மாவின் கதையும் இதேதான். இட்லி, தோசை மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் மெசென்டெராய்டிஸ். கிம்ச்சியில் முதல் சில நாட்களுக்கு வேலை செய்வதும் அதே உயிர்தான், ஜெர்மன்காரர் கோவாவைப் புளிக்க வைக்கும் சவர்க்ராட்டிலும் அதுதான். அடைத்து வைத்த பாத்திரத்துக்குள் அங்கே இருக்கிற இனிப்பைத் தின்று புளிப்பையும் வாயுவையும் விடும். அந்த வாயுவில்தான் இட்லி பூப்போல எழும்புகிறது. கிம்ச்சிப் போத்தலைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று வருவதும் அதுவே. வித்தியாசம் நமக்கு என்ன வேண்டும் என்பதில் இருக்கிறது. இட்லி மாவு ஓர் இரவுக்குள் பொங்க வேண்டும், அதற்கு 28, 30 பாகைச் சூடு வேண்டும். கிம்ச்சிக்கு அந்த அவசரம் இல்லை. மெதுவாகப் புளித்தால்தான் கோவாத்தண்டு நறுக்கென்று இருக்கும், ருசியும் ஆழமாக வரும்.

கொரியாவில் கிம்ச்சி போடும் பருவமே குளிர் தொடங்குகிற காலம்தான். கார்த்திகை, மார்கழி வாக்கில் அயலவர்கள் கூடி, குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துப் போடுவார்கள். கிம்ஜாங் என்பது அந்தக் கூட்டுவேலையின் பெயர், யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டு அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய நாட்களில் மண்சாடியில் நிரப்பி, கழுத்துவரை நிலத்துக்குள் புதைத்து வைப்பார்களாம், வெளியே எல்லாம் உறைந்தாலும் சாடிக்குள் உறையாமல் இருக்கட்டும் என்று. அப்படியானால் கொழும்பில் இருக்கிற ஒருவரைவிட நல்ல கிம்ச்சி செய்யக் கூடிய இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கோவா, முள்ளங்கி, லீக்ஸ், கரட் எல்லாம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்திலேயே விளைகிறது.

சரி, மறுபடியும் செய்யுங்கள். இந்தத் தடவை இப்படி.

இரண்டு கிலோ சைனீஸ் கோவா எடுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரணக் கோவாவும் போதும், தண்டு மட்டும் கொஞ்சம் கடினமாக இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, 120 கிராம் கல்லுப்புப் போட்டுப் பிசறி, அரை மணிக்கு ஒரு தடவை பிரட்டிவிடுங்கள். குளிரில் உப்பு ஏறுவதும் மெதுவாகத்தான் நடக்கும், அதனால் மணிக்கூட்டைப் பார்க்காமல் தண்டைப் பாருங்கள். தடித்த வெள்ளைத் தண்டு ஒன்றை எடுத்து வளைத்தால் ‘டக்’ என்று முறியக் கூடாது, ரப்பரைப் போல வளைந்து திரும்ப வேண்டும். மூன்று நாலு மணித்தியாலம் ஆகும். அப்புறம் மூன்று தடவை கழுவி, ஒரு மணித்தியாலம் தண்ணீர் வடிய விட்டு, ஒரு துண்டைத் தின்று பாருங்கள். கறிக்குப் போடும் உப்பைவிட ஒரு மட்டம் கூடுதலாக இருந்தால் சரி. உப்புக் குறைந்துவிட்டால் புளிக்காது, அழுகும்.

இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஆற விடுங்கள். இது நுண்ணுயிருக்குச் சாப்பாடு, மசாலாவைத் தண்டோடு ஒட்டவும் வைக்கும். கொரியாக்காரர் போடும் மிளகாய்த் தூள் நிறம் கூடியது, உறைப்புக் குறைந்தது. நம்முடைய தூளை அந்த அளவுக்குப் போட்டால் உங்கள் மகனாலேயே சாப்பிட முடியாது. பத்துப் பன்னிரண்டு செத்தல் மிளகாயைக் கீறி விதையை எல்லாம் தட்டிவிட்டு, வெந்நீரில் ஊற வைத்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அதோடு இருபது பல்லுப் பூண்டு, ஒரு விரல் நீள இஞ்சி, உங்கள் பக்கம் காய்க்கிற பெயார்ஸ் பாதி. அவர்கள் ஊற்றும் மீன் சோஸுக்குப் பதிலாக ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு அரைக்கோப்பையாக வற்ற விட்டு வடித்து ஆற வையுங்கள். கூனி இருந்தால் ஒரு மேசைக்கரண்டி அப்படியே அரைத்தும் போடலாம், எனக்குப் பிடித்தது கூனிதான். எல்லாவற்றையும் கஞ்சியோடு கலந்து கோவா, முள்ளங்கிக் கீற்று, லீக்ஸ் இலையோடு கையால் பிசைந்து கண்ணாடிப் போத்தலில் அமுக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எரியும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பும் உப்பும் அதை அரிக்கும்.

போத்தலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். சாறு மேலே நிற்க வேண்டும், கோவா அதற்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து, சுத்தமான கரண்டியால் அமுக்கிவிடுங்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது, மனதைத் தளர விடாதீர்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அமுக்கும்போது ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி ஏறும். அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டு ருசி பாருங்கள். பூண்டின் பச்சை வாசம் அடங்கி, நாக்கின் ஓரத்தில் புளிப்பு சுருக்கென்று படும் நாளில் பிரிட்ஜில் வையுங்கள். உங்கள் ஊரில் அது ஐந்தாம், ஆறாம் நாளாக இருக்கும். மேலே மெல்லிய வெள்ளைப் படலம் வந்தால் வழித்துவிடலாம். பஞ்சுபோலப் பூஞ்சணம் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். நாளாகி அதிகம் புளித்துவிட்டால் அது சூப்புக்கு ஆகும். வெங்காயத்தோடு வதக்கி, ஒரு டின் மீனைப் போட்டுக் கொதிக்க விட்டால் கிம்ச்சி ஜிகே. கொரியாவிலும் டின் மீன் போட்டுச் செய்கிறார்கள், உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் இருந்தால் அளவாகக் கொடுங்கள், உப்புக் கூடிய சாப்பாடு இது.

தோசை மாவுக்குக் குளிர் ஆகாது, அதற்கு நாம் சூடு கொடுக்க வேண்டும். நம் பாட்டன் பூட்டன்மார் கோப்பிக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்தில் இருந்து மலையேறி வந்தபோது உரலும் அம்மியும் பழக்கமாக வந்தன, அந்த ஊர் வெயில் வரவில்லை. அதனால் வந்த இடத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் லயத்தில் வளர்ந்தவள். அம்மா உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, கொழுந்தெடுக்கும்போது மழைக்குப் போர்த்தும் கம்பளியால் மாவுப் பானையைச் சுற்றி, தணல் அடங்கிய அடுப்போரம் வைப்பார். விடியற்காலை கம்பளியைப் பிரிக்கும்போது மூடி ஒரு விரல் உயர்ந்து நிற்கும், வாசம் அறை முழுக்கப் பரவும். கேஸ் அடுப்புள்ள வீட்டில் ஒரு காட்போட் பெட்டிக்குள் மாவையும் இரண்டு வெந்நீர்ப் போத்தலையும் சேர்த்து வைத்து மூடினால் அதே வேலை நடக்கும். படுக்கப் போகும் முன் போத்தலை ஒரு தடவை மாற்றுங்கள். மூன்று சுண்டு அரிசிக்கு ஒரு சுண்டு நிறைய உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உப்பை மாவு பொங்கிய பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் குளிரில் இன்னும் தாமதமாகும்.

ஹும்முஸ் விசயத்தில் குற்றவாளி குளிர் இல்லை, உயரம். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம், 300 மீட்டருக்கு ஒரு பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் கடலை வேகும் சூடு அதற்குள் இருக்காது. குவைத் கடற்கரை ஊர், அங்கே ஒன்றரை மணித்தியாலத்தில் வெந்தது இங்கே அதே நேரத்தில் வேகாது. கொண்டைக்கடலையை அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போட்ட தண்ணீரில் பன்னிரண்டு மணித்தியாலம் ஊற வைத்து, கழுவி, பிரஷர் குக்கரில் வேக வையுங்கள், வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக. இரண்டு விரலுக்கிடையில் வைத்து அமுக்கினால் தோலோடு சேர்ந்து களியாக வேண்டும். சூடாக இருக்கும்போதே அரையுங்கள். அதில் சேர்க்கும் தாஹினி என்ற எள்ளு விழுதுக்கு வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்தால் போதும், தேசிக்காய்ப் புளி கடைசியில்.

இஞ்செரா கேட்டதுதான் எனக்கு மிகவும் சந்தோசம். எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா உங்களைவிட உயரத்தில், 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கேயும் வருடம் முழுக்கக் குளிர்ச்சிதான். எனவே இஞ்செரா மாவுக்குக் கம்பளி தேவைப்படாது. அவர்கள் புளிக்க வைப்பது டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தை, இங்கே அது கிடைக்காது. குரக்கனை எடுங்கள். குரக்கனின் பூர்வீகமே கிழக்கு ஆபிரிக்க மலைநாடுதான், எத்தியோப்பியாவிலும் அதில் இஞ்செரா சுடுகிறவர்கள் உண்டு. இரண்டு சுண்டு குரக்கன் மாவுக்கு ஒரு சுண்டு கோதுமை மா. குரக்கன் மட்டும் என்றால் மடிக்கும்போது உடையும். தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, துணியால் மூடி நாலு நாள் வையுங்கள். கடைசி நாள் ஒரு அகப்பை மாவை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் திரும்ப மாவிலேயே கலக்குங்கள். நம் வீடுகளில் ஆப்ப மாவுக்குச் சோறு அரைத்துச் சேர்ப்பதைப் போன்ற வேலை இது. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மாவு நுரைத்து நிற்கும்.

கல்லில் வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றி ஊற்றுங்கள். மேலே கண் கண்ணாகத் துளை விழுந்ததும் மூடிவிடுங்கள். திருப்பிப் போடக் கூடாது, ஆப்பத்தைப் போல ஒரு பக்கம்தான் வேகும். ஓரம் தானாகக் கிளம்பினால் எடுத்துத் துணியில் போட்டு ஆற விடுங்கள், சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். தொட்டுக்கொள்ள மைசூர்ப் பருப்பே போதும், மிசிர் வொட் என்ற அவர்களின் பருப்புக் குழம்பும் அதே சிவப்புப் பருப்புத்தான். நிறைய வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் கருகாமல் கால் மணித்தியாலம் கிளறி, அப்புறம் நெய், மிளகாய், வெந்தயம், ஏலம், மல்லி என்று வறுத்துப் பொடித்ததைப் போட்டு, பருப்பை வேக விடுங்கள். குவைத்தில் அந்தப் பிள்ளைகள் முதல் வாயை உருட்டி உங்கள் வாயில் ஊட்டியிருப்பார்களே, அதற்குக் குர்ஷா என்று பெயர். மகனுக்கு அப்படி ஊட்டிக் கொடுங்கள்.

மாவு புளிக்கும்போது மேலே ஒரு மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைக் கொட்ட வேண்டாம். எர்ஷோ என்று அதைத்தான் சொல்வார்கள். காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு சின்னப் போத்தலில் வடித்து எடுத்துப் பிரிட்ஜில் வையுங்கள். அடுத்த தடவை மாவு கரைக்கும்போது அதை ஊற்றினால் நாலு நாள் வேலை இரண்டு நாளில் முடியும்.