நுரையீரல் அடைப்பு, சோடியம் 128: கஞ்சியில் உப்பைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு ரத்தத்தில் சோடியம் 128க்கு இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புக் குறைவாக இருக்காது. நுரையீரல் ரத்தக்குழாய் அடைபட்டால் இதயத்தின் வலப்பக்கம் திணறும், உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், சோடியம் நீர்த்துப்போகும்.

நுரையீரல் அடைப்பு நோயாளிகளை வைத்து 2010இல் வந்த அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆய்வில் 30 நாளில் இறந்தவர்கள், சோடியம் 135க்கு மேல் இருந்தவர்களில் 8%, 130க்குக் கீழே 28.5%. பயமுறுத்தும் எண்தான். அதை வைத்து ஜாதகம் கணிக்க வேண்டாம். பிரஷர், ஆக்சிஜன், எக்கோ (இதய ஸ்கேன்) எப்படி என்று கேளுங்கள்.

அப்புறம், வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள். பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' இருந்தால் அநேகமாக நீர் மாத்திரையும் சேர்ந்தது, அதுவும் சோடியத்தை இறக்கலாம். அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோடியத்தைச் சீக்கிரம் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்கவும் வேண்டாம். சோடியம் சட்டென்று ஏறினால் மூளைக்கு ஆபத்து. ஆள் பிதற்றினாலோ வலிப்பு வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.