வாசகர் கேள்வி – பதில்: மூன்று பிள்ளைகள் குறைந்தால் வீழ்ச்சியா?

தவணைப் பரீட்சைப் புள்ளிகளையும் பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை சிறிய பாடசாலைகளிலிருந்து வந்த கேள்விகள். சிலவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் பாடசாலையில் சென்ற முறை 14 பேர் சாதாரண தரம் எழுதி 9 பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். இம்முறை 13 பேர் எழுதி 6 பேர்தான். "64 சதவீதம் 46க்கு விழுந்துவிட்டதே, காரணம் எழுதித் தாருங்கள்" என்று கூட்டத்தில் கேட்டார்கள். என்ன எழுதுவது?
– பகுதித் தலைவர், வெருகல் பக்கம்

சதவீதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். குறைந்திருப்பது 3 பிள்ளைகள்தான். 13 பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளையே ஏறக்குறைய 8 சதவீதம். பரீட்சையன்று ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கூட்டத்தில் அது வீழ்ச்சியாகத்தான் தெரியும். 260 பேர் எழுதும் நகரப் பாடசாலையில் அதே 3 பேர் குறைந்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு மோதவிடாமல் 3 ஆண்டுகளைச் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முந்திய ஆண்டில் 11 பேரில் 5 பேர் சித்தி என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 38 பேரில் 20 பேர். சராசரி 53 சதவீதம் வருகிறது. அப்படிப் பார்த்தால் இந்த ஆண்டு விழவில்லை, சென்ற ஆண்டுதான் வழமையைவிட ஏறியிருந்தது என்றும் சொல்லலாம். அடுத்தது, இந்த 13 பேரும் தரம் 9 மூன்றாம் தவணையில் எடுத்த கணிதப் புள்ளிகளைப் பக்கத்தில் எழுதுங்கள். அப்போது சித்திப் புள்ளியான 35ஐத் தாண்டியவர்கள் 4 பேர்தான் என்றால், 6 பேர் சித்தியடைந்தது முன்னேற்றம். சென்ற ஆண்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

ஆனால் இந்தக் கணக்கைச் சாக்காக்கிவிடவும் கூடாது. 3 ஆண்டுகளும் வரிசையாக இறங்கியிருந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. தவறிய 7 பேரையும் பிரித்துப் பாருங்கள். பெறுபேற்றுத் தாளில் தரம் மட்டும்தான் வரும். 34 எடுத்தவருக்கும் 4 எடுத்தவருக்கும் சித்தியில்லை என்ற ஒரே டபிள்யூ. யார் எங்கே நின்றார் என்பதை உங்கள் கடைசி இரண்டு தவணைப் புள்ளிகள்தான் சொல்லும். 25 முதல் 34 வரை நின்றவர்களுக்கு வினாத்தாள் பயிற்சி போதும். 15க்குக் கீழே நின்றவர்களுக்குத் தரம் 6, 7 பாடங்களே ஓட்டை. இரண்டு கூட்டத்தையும் ஒரே மாலை வகுப்பில் இருத்தினால் இரண்டும் உருப்படாது.

திருத்திய புள்ளியைப் பதிவேட்டில் எழுதி, அறிக்கையில் போட்டுவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். வினாப் பகுப்பாய்வு செய்யச் சொல்கிறார்கள். தரம் 11இல் 28 பிள்ளைகள். கணினி இல்லை. எப்படிச் செய்வது? செய்து என்ன பயன்?
– கணித ஆசிரியை, கிண்ணியா

கணினி தேவையில்லை. சதுரக் கோடு போட்ட பெரிய தாள் ஒன்றும் இரண்டு பேரும் போதும். திருத்திய விடைத்தாள்களை மொத்தப் புள்ளி கூடியது மேலே, குறைந்தது கீழே என்று அடுக்குங்கள். அதே ஒழுங்கில் பெயர்களை இடப்பக்கமும் வினா இலக்கங்களை மேலேயும் எழுதுங்கள். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியிலுள்ள 25 வினாக்களோடு தொடங்குவது நல்லது. ஒருவர் வாசிக்க மற்றவர் 2, 1, 0 என்று கட்டத்தில் எழுதட்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. எழுதாமலே விட்ட வினாவுக்கு 0 போடாதீர்கள். ஒரு சிறு கோடு போடுங்கள். 0 என்றால் முயன்று பிழைத்திருக்கிறார். கோடு என்றால் முயலவே இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. கோடுகள் தாளின் வலப்பக்க ஓரத்தில் குவிந்திருந்தால் நேரம் போதவில்லை. ஒரே வினாவின் கீழ் வரிசையாக இறங்கினால் அந்த அலகு பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை. ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே நீளத்துக்கும் கோடு என்றால், கணிதத்தைப் பிறகு பார்க்கலாம். அவர் வினாவை வாசித்து விளங்குகிறாரா என்று முதலில் பாருங்கள்.

இனி ஒவ்வொரு வினாவுக்கும் முழுப்புள்ளி எடுத்தவர்களைக் கீழே எண்ணி எழுதுங்கள். 28இல் 9 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வகுப்பு முழுவதற்கும் திரும்பக் கற்பிக்க வேண்டும். 19 பேருக்கு மேல் சரியென்றால் வகுப்பு நேரத்தை அதில் செலவழிக்காமல் தவறியவர்களை மட்டும் கூப்பிடுங்கள். இடையில் நிற்பவற்றுக்கு மேல் 8 பேரையும் கீழ் 8 பேரையும் ஒப்பிடுங்கள். மேலே 7 பேர், கீழே 2 பேர் சரியென்றால் வித்தியாசம் 5. அதை 8ஆல் வகுத்தால் 0.63. அது நல்ல வினா, கெட்டிக்காரரையும் தடுமாறுபவரையும் பிரித்துக் காட்டுகிறது. 0.2க்குக் குறைந்தால் வினாவை ஒருமுறை சந்தேகியுங்கள். விடை மறைப் பெறுமானமாக, அதாவது கீழ் 8 பேர் மேல் 8 பேரைவிடக் கூடுதலாகச் சரி எழுதியதாக வந்தால், பெரும்பாலும் புள்ளித்திட்டத்தில் பிழை இருக்கும், அல்லது ஃபோட்டோக்கொப்பியில் கோணத்தின் அளவு மங்கிப் போயிருக்கும். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் வினாத்தாளைப் பாருங்கள்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். பிழையான விடைகளையே எடுத்து வாசியுங்கள். ¾உடன் ⅖ஐக் கூட்டி 5/9 என்று எழுதியவர் மேலதை மேலோடும் கீழதைக் கீழோடும் கூட்டியிருக்கிறார். அடைப்புக்குறிக்கு முன்னால் சயக் குறி நிற்கும்போது உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறப்பது இன்னொரு வகை. 2 சதுர மீற்றரை 200 சதுர சென்ரிமீற்றர் என்பது மூன்றாவது. சரியான விடை 20,000. இவை கவனக்குறைவு இல்லை. பிள்ளை தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது, அந்த விதி பிழை. "இன்னும் பத்துக் கணக்குச் செய்" என்றால் பத்தையும் அதே விதியில் செய்து வரும். பின்னத்துக்கு 20 சதுரம் கொண்ட தாள் நாடா ஒன்றை வெட்டிக் கொடுங்கள்: ¾ என்றால் 15 சதுரம், ⅖ என்றால் 8, மொத்தம் 23, நாடா போதவில்லை. பிறகு "5/9 முதலில் இருந்த ¾ஐவிடச் சின்னது, கூட்டினால் குறையுமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல பயிற்சிகளைவிட வேலை செய்யும்.

விளிம்பில் நிற்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கையும் காட்டுங்கள். கணிதத்தில் இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றுக்கும் 100. கூட்டி 2ஆல் வகுப்பது. ஆகவே 35க்கு வேண்டியது 200இல் 70. முதலாம் தாளின் ஏ பகுதியில் 25இல் 17 சரியென்றால் 34. பீ பகுதியில் 5 வினாக்கள், தலா 10 புள்ளி. ஒவ்வொன்றிலும் தொடக்கப் படிகளைச் செய்து 4 எடுத்தாலே 20. 54 வந்துவிட்டது. மிச்சம் 16 தான். மூன்று மணித்தியால இரண்டாம் தாளில் இரண்டு பகுதியிலும் 6க்கு 5 என்று தெரிவு இருக்கிறது. தெரிந்த இரண்டு வினாக்களில் தலா 8 எடுத்தால் போதும். இதைக் கரும்பலகையில் கண்டபிறகு வெறுந்தாள் கட்டிக் கொடுக்கும் பிள்ளைகள் குறைவார்கள்.

மகள் தரம் 8. முதலாம் தவணையில் கணிதத்துக்கு 61, இரண்டாம் தவணையில் 48. இடம் 5ஆக இருந்தது 6 ஆகியிருக்கிறது. டியூசனுக்கு விடச் சொல்கிறார்கள். தகப்பன் கடல் தொழில். விடத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், நிலாவெளி

அவசரப்படாதீர்கள் அம்மா. 13 புள்ளி குறைந்தும் ஓரிடம்தான் இறங்கியிருக்கிறார் என்றால் வினாத்தாள் எல்லோருக்கும் கடினமாக இருந்திருக்கலாம். வகுப்பாசிரியரிடம் இரண்டு தவணைக்கும் வகுப்புச் சராசரியைக் கேளுங்கள். அது 55இலிருந்து 42க்கு வந்திருந்தால் உங்கள் மகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார். சராசரி மாறாமல் மகளுக்கு மட்டும் குறைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் காசு கட்டுவதற்கு முன் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த இரண்டு அலகில் புள்ளி போயிற்று என்று ஆசிரியர் அரைப் பக்கத்தில் எழுதித் தரலாம். டியூசன் பொதுவாக அடுத்த பாடத்தை முன்கூட்டி நடத்தும். பின்னால் விட்ட ஓட்டையை அது அடைக்காது.

5 சிறிய பாடசாலைகளுக்குப் பொதுவான தவணைப் பரீட்சை வைத்தோம். சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 48, ஒன்று 40. 40 எடுத்த பாடசாலை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது.
– ஆசிரிய ஆலோசகர், மூதூர்

மறுப்பதில் நியாயம் இருக்கலாம். வராதவர்களுக்கு என்ன எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். 12 பேரில் 2 பேர் வரவில்லை, எழுதிய 10 பேரின் கூட்டுத்தொகை 480 என்றால் சராசரி 48. அந்த இருவருக்கும் 0 என்று அடித்திருந்தால் எக்செல் 12ஆல் வகுத்து 40 என்று காட்டும். வெறுமையாகவோ எழுத்திலோ விட்டால் அவர்களைச் சேர்க்காது. உங்கள் 8 புள்ளி வித்தியாசம் முழுவதும் இதுவாகவே இருக்கலாம்.

இரண்டாவது, புள்ளித்திட்டம். தாள் பொதுவாக இருந்தும் திருத்துவது அவரவர் என்றால் படிமுறைக்குப் புள்ளி கொடுப்பவரும் விடைக்கு மட்டும் கொடுப்பவரும் ஒரே விடையை 12 என்றும் 7 என்றும் திருத்துவார்கள். திருத்தத் தொடங்குமுன் ஒரே 5 விடைத்தாளைப் பிரதியெடுத்து ஐந்து பாடசாலைக்கும் கொடுத்துத் தனித்தனியே திருத்தச் சொல்லுங்கள். எங்கே விலகுகிறார்களோ அந்த வினாவுக்கு மட்டும் பேசி முடிவெடுக்கலாம். ஒரு பின்னேரம் போதும். மூன்றாவது, ஒரு பாடசாலை திங்களும் மற்றது புதனும் வைத்திருந்தால் ஒப்பீட்டையே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இடையில் பாலமும் உண்டு, தொலைபேசியும் உண்டு.

சிறிய எண்ணிக்கைக்குச் சராசரியைவிட இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் புள்ளி, நம்பகமானது; 95 எடுத்த ஒரே பிள்ளை 10 பேரின் சராசரியை இழுத்துவிடும், இடையத்தை அசைக்காது. எந்த அலகுவரை படிப்பித்து முடிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை கழிந்த பாடசாலையை மற்றதோடு நிறுத்துவது ஒப்பீடு ஆகாது.

பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பரிகார வகுப்பு வைக்கிறோம். முதல் கிழமை 20 பேர், மூன்றாம் கிழமை 5 பேர். ஏன்?
– ஆசிரியர், தம்பலகாமம்

நேரம், அளவு, பெயர் மூன்றிலும் பிழை இருக்கும். பாடசாலை விட்டபின் பிள்ளைக்குப் பசி. தூரத்துப் பிள்ளைக்கு பஸ். சிலருக்குக் குர்ஆன் மதரசா, சிலருக்கு டியூசன். முடிந்தால் நேரசூசிக்குள்ளேயே கொண்டுவாருங்கள்: ஒரு பாடவேளையில் இரண்டு ஆசிரியர் கிடைத்தால் ஒருவர் 7, 8 பிள்ளைகளைத் தனியே எடுக்கலாம். அந்தப் பாடவேளை விளையாட்டோ சித்திரமோ ஆக வேண்டாம். தடுமாறும் பிள்ளைக்கு மனம் ஆறும் இடம் அதுதான், அதைப் பறித்தால் வராது.

ஒரு சுற்று வகுப்புக்கு ஒரே திறன். "கணிதம்" என்று வகுப்பு வைக்கக்கூடாது, "பின்னம் கூட்டல்" என்று வைக்கவேண்டும். கிழமைக்கு 3 தடவை, 40 நிமிடம், 4 கிழமை. தொடங்கும் நாளில் 5 வினா, முடியும் நாளில் அதேபோன்ற வேறு 5 வினா. இன்னும் இரண்டு கிழமை கழித்து மறுபடி 5. இந்த மூன்றாவதை யாரும் வைப்பதில்லை, உண்மை தெரிவது அதில்தான். 4 சரியென்றால் பிள்ளையை வெளியே விடுங்கள். வெளியேறும் வழி தெரிந்தால் உள்ளே வர வெட்கப்படமாட்டார்கள். வழியில்லாவிட்டால் அது "மொக்கர் வகுப்பு" ஆகிவிடும்.

சேர்க்கும்போதே ஒவ்வொருவரையும் தரம் 4 வாசிப்புப் பந்தி ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தட்டித்தடவி வாசிப்பவருக்கு விஞ்ஞானமோ வரலாறோ நடத்துவதில் பயனில்லை. அந்த 4 கிழமையும் வாசிப்புக்கே போகட்டும். காலத்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் ஏறும் பக்கங்களில் வரவு உடைந்துவிடும். முதல் இரண்டு தவணைக்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

மகன் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே. தவறிவிட்டானா?
– ஒரு தகப்பன், உப்புவெளி

இல்லை. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும் போட்டிக் கோடு. அதே புள்ளி வேறு மாவட்டத்தில் மேலே நிற்கலாம். தரம் 6க்குப் போகுமுன் சரளமாக வாசிப்பு, நெடும்பெருக்கம், வகுத்தல் மூன்றும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

வகுப்புப் புள்ளிப் பட்டியலைப் பெற்றார் வட்ஸ்அப் குழுவில் போடலாமா?
– வகுப்பாசிரியை, திருகோணமலை நகரம்

பெயரோடு வேண்டாம். கடைசி இடத்திலுள்ள பிள்ளையின் பெயர் அன்றிரவே ஊர் முழுக்கப் போய்விடும், அடுத்த நாள் அந்தக் கதிரை வெறுமையாக இருக்கும். வினாவாரியாக எத்தனை பேர் சரியென்று மட்டும் போடுங்கள். பிள்ளையின் புள்ளி அறிக்கையில் பெற்றாருக்குத் தனியே போகட்டும்.